சி.எஸ்.ஆர். செய்தால் கம்பெனிக்கு லாபம் கூடுமா?

எம்.பி.ஏ. புராஜெக்ட் சீசன் வந்தால் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். இடது பக்கம் ஒரு பெட்டி, அதற்குள் சி.எஸ்.ஆர். என்கிற நிறுவன சமூகப் பொறுப்பு. வலது பக்கம் இன்னொரு பெட்டி, அதற்குள் நிறுவனத்தின் செயல்திறன். நடுவிலோ மேலேயோ மூன்றாவதாக ஒன்று, தொழில்முனைவு மனப்போக்கு. மூன்றையும் அம்புக்குறிகள் இணைக்கும். இந்த அம்பு ஏன் இந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால், "கைடு அப்படித்தான் போடச் சொன்னாங்க சார்" என்று பதில் வரும். அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது, அம்புகள் நிஜத்தில் எப்படி ஓடுகின்றன என்று நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு சதவீதம்

நம் நாட்டில் சி.எஸ்.ஆர். என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது இரண்டு சதவீதக் கணக்குதான். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆரம்பத்தில் செலவிடாவிட்டால் காரணம் சொல்லித் தப்பிக்கலாம். 2021க்குப் பிறகு அது முடியாது. செலவாகாத பணம் அரசு குறித்துள்ள நிதிக்குப் போகவேண்டும், தவறினால் அபராதம்.

இந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பெனி தன் வழக்கமான வியாபாரத்தின் பகுதியாகச் செய்யும் எதுவும் இந்த 2 சதவீதத்தில் சேராது. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதும் சேராது. அதாவது, சட்டம் எண்ணுகிற சி.எஸ்.ஆர். வியாபாரத்திலிருந்து வேண்டுமென்றே தள்ளிவைக்கப்பட்ட ஒன்று. வியாபாரத்தைத் தொடாத செலவு வியாபாரத்தை வளர்க்கவில்லை என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மஞ்சிராஜு, ராஜ்கோபால் என்ற இரு கணக்கியல் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சட்டத்தால் கட்டாயமாகச் செலவிட நேர்ந்த கம்பெனிகளின் பங்கு விலை சராசரியாக 4 சதவீத அளவுக்குச் சரிந்ததாகக் கண்டது. முதலீட்டாளர்கள் அதை இன்னொரு வரியாகத்தான் பார்த்தார்கள். தர்மபாலா, கன்னா என்ற இருவரின் ஆய்வில் இன்னொரு விஷயம் தெரியவந்தது. 2 சதவீதத்துக்குக் கீழே செலவழித்தவர்கள் உயர்த்தினார்கள், சரி. சட்டம் வருமுன்பே 2 சதவீதத்துக்கு மேல் செலவழித்து வந்த பெரிய கம்பெனிகளோ குறைத்துக்கொண்டன. எல்லைக்கோடு போட்டால் கோட்டுக்கு மேலே இருப்பவரும் கோட்டுக்கு வந்துவிடுகிறார்.

ஆனால் சமூகப் பொறுப்பு என்பது நன்கொடை மட்டும் இல்லையே. ஆர்ச்சி கரோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1991இல் அதை ஒரு பிரமிடாக வரைந்தார். அடித்தளம், லாபத்தோடு தொழில் நடத்துவது. அதற்கு மேலே சட்டத்தை மதிப்பது. அதற்கும் மேலே, சட்டம் கேட்காவிட்டாலும் நியாயமாக நடப்பது. உச்சியில்தான் கொடை. நாம் மேடையில் பேசுவதும் ஆண்டறிக்கையில் போட்டோ போடுவதும் அந்த உச்சியை மட்டுமே.

சாஃப்ட்வேர் கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டர்ஸை எடுத்துக்கொள்வோம். இன்று நாம் கூப்பிடுகிற 108 ஆம்புலன்ஸ் சேவை 2005இல் ஹைதராபாத்தில் தொடங்கியபோது பணம் போட்டது அதன் நிறுவனர் ராமலிங்க ராஜுவும் குடும்பத்தாரும்தான். அதே ராஜு 2009 ஜனவரி 7 அன்று, பல வருடங்களாகக் கணக்கை ஊதிப் பெரிதாக்கிக் காட்டியதாக ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். தொகை 7,000 கோடி ரூபாய்க்கு மேல். கம்பெனி மஹிந்திராவிடம் கைமாறியது, 108ஐ ஜி.வி.கே. குழுமம் எடுத்து நடத்தியது. கொடையில் பழுதில்லை, எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கொடை அது. ஓட்டை இருந்தது அதற்குக் கீழே உள்ள தளங்களில். அதனால்தான் "எவ்வளவு கொடுத்தார்கள்" என்று மட்டும் கேட்பது போதாது.

மனப்போக்கு என்றால் முதலாளியின் குணம் அல்ல

அடுத்த பெட்டி பலரைக் குழப்புவது. தொழில்முனைவு மனப்போக்கு என்றால் முதலாளி சுறுசுறுப்பானவர், ரிஸ்க் எடுப்பவர் என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே பேச்சு ஆளைப் பற்றியது அல்ல, நிறுவனம் வழக்கமாக எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் பற்றியது. 1983இல் டேனி மில்லர் என்ற மேலாண்மை ஆய்வாளர் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: புதிதாக ஒன்றைச் செய்வது, போட்டியாளருக்கு முன்பே இறங்குவது, தோற்றாலும் தோற்கட்டும் என்று பணம் போடுவது. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பக்கத்துக் கம்பெனி வாங்கிய மெஷினை நாமும் வாங்குவது புதுமை ஆகாது. கழுத்துவரை கடன் வாங்கியிருப்பதால் மட்டும் ஒரு கம்பெனி துணிச்சலானது ஆகிவிடாது.

1989இல் கோவின், ஸ்லெவின் இருவரும் இதை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட அளவுகோல் தந்தார்கள். இன்றுவரை மாணவர்கள் பெரும்பாலும் எடுத்தாள்வது அதைத்தான். 1996இல் லம்ப்கின், டெஸ் இருவரும் தன்னாட்சி, போட்டி வேகம் என்று இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். கோவின், ஸ்லெவின் ஆய்வில் இன்னொரு முக்கியமான செய்தியும் உண்டு. தொழில்முனைவு மனப்போக்கு சிறு நிறுவனங்களுக்குப் பலன் கொடுத்தது முக்கியமாகச் சூழல் கடுமையாக இருந்தபோதுதான். காற்று சாதகமாக வீசும்போது நிதானமாகப் போகிறவரும் பிழைத்துக்கொள்கிறார்.

கடுமையான சூழல் எப்படி இருக்கும் என்பதைத் திருப்பூர் நன்றாகவே பார்த்திருக்கிறது.

நொய்யல் கற்றுக்கொடுத்தது

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூலுக்குள் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. வேலை முடிந்ததும் போட்ட உப்பெல்லாம் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை எடுப்பதற்கு வழிகள் இருந்தன. உப்பு மட்டும் சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. நிலத்தில் இறங்கினால் கிணறு கரிக்கும், வெள்ளாமை கருகும்.

வெள்ளியங்கிரி மலையில் புறப்பட்டு கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யலில் பல வருடங்கள் இந்தத் தண்ணீர்தான் ஓடியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் குட்டையாக மாறியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியும் நிலைமை மாறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. சாயம் நின்றால் திருப்பூரில் மற்றதும் நிற்கும். நிட்டிங் முடிந்த துணி சாயத்துக்குப் போய்வராமல் கட்டிங் டேபிளுக்கு வராது, கட்டிங் இல்லாமல் பவர் டேபிளில் தைக்கிற ஆளுக்கு வேலை இல்லை.

இங்கே நடந்தது பிரமிடின் உச்சியில் உள்ள கொடை அல்ல, இரண்டாம் தளமான சட்டம். அதையும் கோர்ட் கழுத்தைப் பிடித்துத்தான் செய்யவைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. எல்லோருக்கும் ஒரே உத்தரவு. சிலர் பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். சிலர் துணியைப் பக்கத்து மாவட்டங்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள், பிரச்சினை இன்னொரு ஆற்றுக்கு இடம் மாறியது. சிலர் ஒரு சொட்டும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறையில் இறங்கினார்கள்.

இறங்குவது லேசானதல்ல. கழிவுநீரை முதலில் உயிரியல் முறையில் சுத்தம்செய்து, பிறகு ஆர்.ஓ.வில் விட்டால் பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். மிஞ்சுகிற கெட்டியான உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து உப்பைத் தனியாக எடுக்க வேண்டும். பணத்தைத் தின்பது இந்தக் கடைசிக் கட்டம்தான். பாய்லருக்கு விறகு, பம்புகளுக்குக் கரன்ட், ஆர்.ஓ. சவ்வு மாற்றும் செலவு. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தும் மாதாந்திரச் செலவு குறைவதாக இல்லை. அப்போதுதான் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தமிழ்நாடு நீர் முதலீட்டுக் கம்பெனி வேறொரு வழியைச் செய்து காட்டியது. உப்புநீர் முழுவதையும் ஏன் கொதிக்கவைக்க வேண்டும்? அதைச் சுத்தப்படுத்தினால் சாயத் தொட்டிக்கே திருப்பி அனுப்பலாமே, அங்கே எப்படியும் உப்பு கொட்டத்தானே போகிறோம்? கொதிக்கவைக்க வேண்டிய அளவு குறைந்தது, புதிதாக வாங்கும் உப்பும் குறைந்தது.

சமூகப் பொறுப்பு செலவாகவே நின்றுவிடாமல் வரவின் பக்கம் திரும்புகிற இடம் இதுதான். தண்ணீரை விலைகொடுத்து வாங்கும் ஊரில், திரும்பக் கிடைக்கும் தண்ணீரும் உப்பும் காசு. அதோடு, ஐரோப்பிய பையர்களின் ஆடிட்டர் இன்று வந்து நிற்கும்போது கேட்கும் முதல் கேள்விகளில் கழிவுநீர் எங்கே போகிறது என்பதும் ஒன்று. முன்பே முதலீடு செய்தவர் காட்டுவதற்குக் கையில் பிளான்ட் வைத்திருக்கிறார்.

திருப்பூர் முதலாளிகள் காற்றாலை போட்ட கதையும் இதே பக்கம் சொல்லப்படுவதுண்டு. அதற்குச் சுற்றுச்சூழல் பாசம் மட்டும் காரணமில்லை. முதல் வருடத்திலேயே 80 சதவீதம் தேய்மானம் காட்டிக்கொள்ள ஒரு காலத்தில் வருமான வரிச் சட்டம் இடம்கொடுத்தது. அதனால் என்ன? நோக்கம் கலப்படமாக இருந்தாலும் காற்றாலை சுற்றத்தான் செய்கிறது.

கேட்காமலே செய்ததும் உண்டு

கோர்ட் இல்லாமல் தானாகவே இறங்கிய உதாரணம் வேண்டுமானால் ஐ.டி.சி.யின் இ-சௌபால். 2000இல் மத்தியப் பிரதேசத்து சோயா விவசாயிகளிடம் தொடங்கியது. அதுவரை விவசாயி விளைச்சலை வண்டியில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோக வேண்டும், ஏலத்தில் வந்த விலைக்குத் தலையாட்ட வேண்டும், கைத்தராசில் எடை போகும், பணம் உடனே வராது. திரும்ப வண்டிகட்டினால் கூலி நஷ்டம், அதனால் பேரம் பேசவும் முடியாது. ஐ.டி.சி. கிராமத்திலேயே ஒரு விவசாயியின் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்தது, சாட்டிலைட் இணைப்பும் சோலார் பேனலும் கொடுத்தது. விலையை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். பிடித்திருந்தால் ஐ.டி.சி. மையத்துக்குக் கொண்டுவரலாம், எலெக்ட்ரானிக் எடை, உடனே பணம், வண்டி வாடகையும் தருவார்கள். இடைத்தரகுச் செலவு குறைந்ததில் ஐ.டி.சி.க்கும் லாபம். பிழைப்பு போகுமோ என்று பயந்த கமிஷன் ஏஜெண்டுகளில் பலரையும் ஏற்பாட்டுக்குள்ளேயே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். இவ்வளவும் 135ஆவது பிரிவின்படி சி.எஸ்.ஆர். ஆகாது, ஏனென்றால் இது வியாபாரம்!

அம்புகளும் எண்களும்

இப்போது அந்தப் படத்துக்குத் திரும்பலாம். மூன்றாவது பெட்டியை இரண்டு விதமாக வைக்கலாம், இரண்டுக்கும் அர்த்தம் வேறு.

ஒன்று, நடுவில் வைப்பது. பொறுப்போடு நடக்க முடிவுசெய்த கம்பெனி புதிய வழி தேடவேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறது, அந்தத் தேடல் அதைத் தொழில்முனைவுப் பக்கம் தள்ளுகிறது, அதிலிருந்து பலன் வருகிறது. அருள்புரம் உப்புநீர் இந்த வகை. ஆராய்ச்சி மொழியில் இது மீடியேட்டர்.

இன்னொன்று, மேலே வைத்து அம்பின் மீது இன்னொரு அம்பு விடுவது. எல்லோருக்கும் மழை ஒரே அளவுதான் பெய்கிறது, உழுதுபோட்ட காட்டில் ஈரம் இறங்குகிறது, இறுகிக்கிடக்கும் தரிசில் வழிந்தோடிவிடுகிறது. அதுபோல ஒரே சமூகப் பொறுப்பு, துணிந்து மாறக்கூடிய கம்பெனியில் லாபமாகவும் மற்றதில் வெறும் செலவாகவும் முடிகிறது. ஒரே உத்தரவுக்கு மூன்று விதமாக நடந்துகொண்ட சாயப்பட்டறைகள் இந்த வகை. இது மாடரேட்டர். எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பது படம் வரையும் அழகுக்காக எடுக்கும் முடிவு அல்ல. உங்கள் ஊர்த் தொழிலில் நிஜமாக என்ன நடக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதைச் சொல்வதுதான் அந்தப் படம்.

எண்கள் என்ன சொல்கின்றன? ஆர்லிட்ஸ்கி, ஷ்மிட், ரைன்ஸ் மூவரும் 2003இல் 52 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சமூகச் செயல்பாட்டுக்கும் நிதிச் செயல்பாட்டுக்கும் நேர்மறைத் தொடர்பு இருப்பதாகச் சொன்னார்கள். அந்தத் தொடர்பு பங்குச்சந்தை அளவுகளைவிடக் கணக்குப் புத்தக லாபத்தோடு அதிக வலுவாக இருந்தது. தொழில்முனைவு மனப்போக்குக்கு இதே வேலையை ரவுக் (Rauch) என்ற ஜெர்மன் ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2009இல் 51 ஆய்வுகளை வைத்துச் செய்தார்கள். கிடைத்த ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.24 அளவில். இந்த எண்ணைக் கண்டு துள்ளவேண்டாம். அதை அதாலேயே பெருக்கிப் பாருங்கள், சுமார் 0.06. அதாவது கம்பெனிகளுக்கிடையே செயல்திறனில் தெரியும் வேறுபாட்டில் 6 சதவீதம் அளவுதான் இதோடு சேர்ந்து போகிறது. மேலாண்மை ஆய்வில் இது மோசமில்லாத அளவு, ஆனால் மந்திரக்கோலும் இல்லை. சின்னஞ்சிறு நிறுவனங்களிலும் உயர்தொழில்நுட்பத் துறையிலும் இந்தத் தொடர்பு கூடுதலாக இருந்தது என்பது நமக்குப் பயன்படும் செய்தி.

எது முன், எது பின் என்ற கேள்வியும் இருக்கிறது. நல்லது செய்ததால் லாபம் வந்ததா, லாபம் வந்ததால் நல்லது செய்யக் கையில் காசு இருந்ததா? வேடாக், கிரேவ்ஸ் இருவரும் 1997இல் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஓட்டம் தெரிந்தது. ஒரே ஒரு வருடக் கணக்கை மட்டும் எடுத்து அம்பு போடுகிற புராஜெக்டால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

செயல்திறன் என்ற கடைசிப் பெட்டியிலும் கவனம் தேவை. பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் சொத்துக்கு எவ்வளவு லாபம், சந்தை மதிப்பு எவ்வளவு என்று கணக்கிலேயே எடுத்துவிடலாம். சிறு நிறுவனங்கள் பேலன்ஸ் ஷீட்டைக் காட்டமாட்டார்கள். அதனால் "போட்டியாளரோடு ஒப்பிட்டால் உங்கள் விற்பனை எப்படி? ஒன்று முதல் ஐந்துக்குள் டிக் செய்யவும்" என்று கேட்கிறோம். சமூகப் பொறுப்பு, மனப்போக்கு, லாபம் மூன்றுக்கும் டிக் அடிப்பவர் அதே மேனேஜர். அன்று காலை ஒரு நல்ல ஆர்டர் வந்திருந்தால் மூன்றுமே ஒன்றாக உயரும். பிறகு அந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று நாம் கண்டுபிடிப்போம்!

துணிச்சல் மட்டும் இருந்தால்

இதுவரை பொறுப்புக்குத் துணிச்சல் வேண்டும் என்றோம். மறுபக்கமும் உண்டு. மில்லர் சொன்ன மூன்று அடையாளங்களும் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸில் இருந்தன. 1997இல் தொண்டு நிறுவனமாகத் தொடங்கி, கம்பெனியாகி, 2010 ஆகஸ்டில் பங்குச்சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 985 ரூபாய். ஏழைப் பெண்களுக்குக் குழுக்கடன் கொடுப்பதுதான் தொழில், பெயரே சமூகப் பணி போல ஒலிக்கும். ஆனால் அந்தத் துறை மொத்தமும் வளர்ச்சி வெறியில் ஓடியது. ஒரே பெண்ணுக்கு நாலைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்தன, வசூலில் நெருக்கடி கூடியது, ஆந்திராவிலிருந்து தற்கொலைச் செய்திகள் வந்தன. பங்கு வெளியாகி இரண்டு மாதத்தில், 2010 அக்டோபரில், ஆந்திர அரசு வசூலுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தவணை கட்டுவது ஏறக்குறைய நின்றது. 2011-12இல் எஸ்.கே.எஸ். காட்டிய நஷ்டம் 1,300 கோடி ரூபாய்க்கு மேல். வாடிக்கையாளரால் எவ்வளவு தாங்க முடியும் என்று பார்ப்பது அங்கே சமூகப் பொறுப்பு மட்டுமில்லை, கடன் தொழிலின் அரிச்சுவடியும் அதுதான். அதை விட்டதற்குத் துறை முழுவதும் விலை கொடுத்தது.

ஒரு கம்பெனியை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டுமானால், ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். இணைப்பு இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தொடங்குங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் உள்ள பட்டியலிட்ட கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற தனி அறிக்கை (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) கொடுக்க வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், கழிவு எங்கே போனது, தொழிலாளர் புகார் எத்தனை, விபத்து எத்தனை என்று எல்லாம் அதில் எண்ணாகவே இருக்கும். இரண்டு மூன்று வருட அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கோடி ரூபாய் விற்பனைக்கு எத்தனை கிலோலிட்டர் தண்ணீர் என்று வகுத்துப் பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால், ஆராய்ச்சிச் செலவு, புதிய இயந்திரம் பற்றிய பத்திகளில் அதற்கான காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்ச் கொடுத்த போட்டோவை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.